தவறைச் சொல்ல முடிகிற வார்டு

இந்தியாவில் குப்பிகளில் வரும் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு வகைக் குப்பியில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். இன்னொரு வகையில் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு உண்டு. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. மருத்துவர் 20 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது 100 யூனிட் குப்பி; அவசரத்தில் எடுத்ததோ சிவப்பு மூடி சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி மருந்து ஏறும். அந்த அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். கொடுக்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு. நோயாளிக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அவர் தூக்கத்தில் இருந்தால் இவை எதுவும் யார் கண்ணிலும் படாமலே நினைவு தப்பிவிடலாம்.

இதுவே மாறி நடந்தால் இன்னொரு விதமான ஆபத்து. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. ‘இந்த அளவு போதவில்லை’ என்று மறுநாள் மருந்தைக் கூட்டி எழுதுவார்கள். அடுத்த ஷிப்டில் வேறொருவர் சரியான சிரிஞ்சை எடுத்து, கூட்டி எழுதிய அளவை அப்படியே போடுவார். சரியாக வேலை செய்தவரின் கையில் நோயாளி மயங்கி விழுவார். முதல் நாள் நடந்த பிழை கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போகலாம்.

இந்த ஊசியை எடுத்தவருக்குப் பாடம் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டால் நூற்றுக்கு நூறு எழுதியிருப்பார். அவரிடம் அக்கறை இல்லையா? உண்டு. இரண்டு வகைச் சிரிஞ்சும் ஒரே இழுப்பறையில் கிடந்தன, நேரம் விடியற்காலை, அவர் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நோயாளிப் பாதுகாப்பு என்ற அறிவியல் துறை கேட்பது இந்தச் சூழலைப் பற்றித்தான். தவறு செய்தவர் யார் என்று தேடுவதைவிட, அந்தத் தவறை அவ்வளவு எளிதாக்கியது எது என்று தேடச் சொல்கிறது அது.

கோரிமேட்டில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. 1956-இல் இந்திய அரசின் கைக்கு வந்தது. 1964-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதே கோரிமேட்டில் புதுச்சேரி அரசின் அன்னை தெரசா பட்டமேற்படிப்பு மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும், அரசு மார்பு நோய் மருத்துவமனையும் உள்ளன. ஜிப்மரிலும் அன்னை தெரசா நிறுவனத்திலும் செவிலியர் கல்லூரிகள் நடக்கின்றன. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்று மாவட்டங்களிலிருந்து பேருந்து ஏறி வரும் நோயாளிகளை, படித்து முடித்த கையோடு பணிக்கு வரும் இளம் செவிலியர்கள் இங்கே ஆண்டுதோறும் எதிர்கொள்கிறார்கள். இனிச் சொல்லப்போவது எந்த ஒரு மருத்துவமனையின் மீதும் குறை அல்ல. எல்லா மருத்துவமனைகளுக்கும் பொருந்துவது. ஆனால் இவ்வளவு புதிய செவிலியர்கள் உருவாகும் ஓர் ஊர் இதைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

மருத்துவமனைச் சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குச் சிகிச்சையாலேயே ஏதேனும் தீங்கு நேர்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பற்ற சிகிச்சையால் உலகெங்கும் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். இந்தத் தீங்குகளில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியவை. அவற்றில் பாதி மருந்து தொடர்பானவை. 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் தேதியை உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிப்பதும், இந்தியா 2018 முதல் 2025 வரைக்கான தேசிய நோயாளிப் பாதுகாப்புச் செயல்திட்டத்தை வகுத்ததும் இந்தக் கணக்கை முன்னிட்டுத்தான்.

ஒரு பிழை நோயாளியைச் சென்றடையும் விதத்தை விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். ஓட்டைகள் உள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்தியதைப் போன்றவை மருத்துவமனையின் தடுப்புகள் என்றார் அவர். மருத்துவரின் எழுத்து ஒரு தடுப்பு, மருந்தகம் இன்னொன்று, குப்பியின் லேபிள், செவிலியரின் சரிபார்ப்பு, நோயாளியின் கேள்வி என்று அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும் கணத்தில்தான் விபத்து நடக்கிறது. மருந்து கொடுப்பதில் கடைசித் தடுப்பு பெரும்பாலும் செவிலியர். நோயாளியும் கேட்காவிட்டால், அவருக்குப் பிறகு பிழையை நிறுத்த யாரும் இல்லை. அதனாலேயே முன்னால் நின்ற எல்லாத் தடுப்புகளும் தவறியிருந்தாலும், பழி அவர் தலையில் வந்து விழுகிறது.

தடுப்புகளைப் பலப்படுத்தும் வழிகள் புதிரானவை அல்ல. செறிவு மிகுந்த பொட்டாசியம் குளோரைடு ஓர் உதாரணம். 10 மில்லி ஆம்பியூலில் 1.5 கிராம் இருக்கும் இந்த மருந்தைக் கரைத்து மெதுவாக ஏற்றினால் உயிர் காக்கும். அப்படியே இரத்த நாளத்தில் வேகமாகச் செலுத்தினால் இதயத்தை நிறுத்திவிடும். அதே அளவு ஆம்பியூலில்தான் மருந்தைக் கரைக்கும் கிருமி நீக்கிய நீரும் வருகிறது. ‘கவனமாக இருங்கள்’ என்று நூறு முறை சொல்வதைக் காட்டிலும், பொட்டாசியத்தை ஊசித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனியே பூட்டி வைப்பது பலன் தரும். இன்சுலினுக்கும் அதே வழிதான்: ஒரு வார்டில் ஒரே செறிவு, ஒரே வகைச் சிரிஞ்சு.

கவனம் சிதறும் விதம்

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதை ஆய்வாளர்கள் கூடவே இருந்து கவனித்தார்கள். ஜோஹன்னா வெஸ்ட்புரூக் தலைமையிலான அந்த ஆய்வு 2010-இல் வெளியானது. கவனித்த 4,271 முறைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் யாராவது குறுக்கிட்டிருந்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருந்துப் பிழைகள் ஏறத்தாழ 12.7 சதவீதம் கூடின. நம்மூர் வார்டில் மருந்துத் தட்டோடு நடக்கும் செவிலியரை நினைத்துப் பாருங்கள். “சிஸ்டர், ட்ரிப்ஸ் தீர்ந்துடுச்சு” என்று ஒரு குரல். “ஸ்கேன் எங்க எடுக்கணும்?” என்று இன்னொன்று. கேஸ் ஷீட்டைக் கேட்டு மருத்துவர் நிற்கிறார், தொலைபேசி அடிக்கிறது. அனுபவசாலி இந்தக் குறுக்கீடுகளுக்குப் பின் விட்ட இடத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார். ஒவ்வொரு படியையும் நினைவுபடுத்திச் செய்கிற புதியவருக்கு அது எளிதல்ல. மருந்து கொடுக்கும் நேரத்தில் அவரைக் கூப்பிடக் கூடாது என்ற விதி வார்டுக்கே உரிய விதியாக இருந்தால்தான் அது நடக்கும். அவர் ஒருவராகக் கேட்டுப் பெற முடியாது.

தூக்கமின்மையும் இப்படித்தான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பகலில் தூங்க முடியாமல் இரவு டூட்டிக்கு வருபவர் விடியும் முன்பே அந்த அளவைத் தாண்டிவிடுவார். வேலைப் பளுவோ உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கனின் 2002-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. அதைப் பல மடங்கு மீறிய வார்டில் நின்றுகொண்டு ‘பாதுகாப்புப் பண்பாடு’ பற்றிச் செவிலியருக்கு மட்டும் வகுப்பெடுப்பது நியாயமல்ல.

பெயர் கேட்பது எப்படி?

சரியான மருந்து தவறான ஆளுக்குப் போவது உலகெங்கும் நடக்கிறது. நம் வார்டுகளில் அதற்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பார்கள். வேறுபாடு ஓர் இனிஷியலில் மட்டும். ‘எட்டாம் நம்பர் பெட்’ என்று அடையாளம் சொன்னால், அந்த நோயாளி நேற்று மாலை கதவோரத்துக்கு மாற்றப்பட்டிருப்பார். “நீங்கதானே முருகன்?” என்று கேட்டால், காது மந்தமான பெரியவர் வெள்ளைச் சட்டைக்குக் கொடுக்கும் மரியாதையில் தலையாட்டிவிடுவார். பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் கேட்கலாமென்றால், கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லாத தலைமுறைப் பெண்மணியாக இருப்பார்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். “உங்க பேர் என்னங்க ஐயா? அப்பா பேர்?” என்று அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும்; பிறகு மணிக்கட்டுப் பட்டையில் உள்ள மருத்துவமனை எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரத்தம் ஏற்றும்போது இது உயிர்ப் பிரச்சினை. பொருந்தாத வகை இரத்தம் சிறிதளவு போனாலும் உடல் எதிர்த்து எழும். அதனால்தான் படுக்கைக்கு அருகிலேயே இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும், முதல் 15 நிமிடம் கூடவே நின்று கவனிக்க வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து பணிபுரியும் செவிலியர்களுக்கு, நோயாளி சொல்லும் ‘கண்ணை இருட்டுது’, ‘படபடன்னு வருது’ என்பவை என்ன அறிகுறிகள் என்று முதல் வாரமே கற்றுக்கொடுப்பதும் இதில் சேர்த்திதான். இன்சுலின் அதிகமாகிவிட்டதை நோயாளி இந்தச் சொற்களில்தான் அறிவிப்பார்.

சொல்லத் தெரிந்தும் சொல்ல முடியாதபோது

2005-இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற இளம் தாய் சைனஸ் அறுவைக்காக மருத்துவமனை சென்றார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாயில் குழாய் செருக முடியவில்லை. முகமூடி வழியாகவும் காற்று போகவில்லை. அனுபவம் மிகுந்த மருத்துவர்கள் குழாயைச் செருகும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டார். இரண்டும் சரியான முடிவுகள். ஆனால் அவர்கள் சொன்னது உள்ளே ஏறவில்லை. அவர்களாலும் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை. எலைன் மூளை பாதிக்கப்பட்டு சில நாட்களில் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லி அவர் நிற்கவில்லை. அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஏன் பயன்படாமல் போனது என்று கேட்டார்; மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் அமைப்பையே தொடங்கினார்.

நம்மிடம் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரியது. வயதில் மூத்தவர், பதவியில் மூத்தவர், படித்த டாக்டர் என்று மூன்று மரியாதைகள் ஒரே ஆளிடம் குவிந்திருக்கையில், இருபத்திரண்டு வயதுச் செவிலியர் எப்படி வாய் திறப்பார்? ‘தைரியமாகப் பேசு’ என்று அறிவுரை சொன்னால் போதாது. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கையில் கொடுக்க வேண்டும். “சார், இந்த டோஸ் எனக்குக் கவலையா இருக்கு. ஒரு தடவை பாத்துடலாமா?” பதில் வராவிட்டால் இரண்டாம் முறை: “சார், இது பேஷண்ட் சேஃப்டி விஷயம். நீங்க பாத்துச் சொன்னதும் போடறேன்.” அதற்கும் பதிலில்லை என்றால் இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடும் உரிமை. மரியாதை குறையாமல் மறுக்கும் இந்த வழியை, ஊசி போடுவதைப் பழக்குவது போலவே செய்து பார்த்துப் பழக்கலாம்.

எண்களும் புதியவருக்குத் துணை நிற்கும். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் ‘ஏதோ சரியில்லை’ என்று உணர்வது வருடக்கணக்கான அனுபவத்தில் வருவது. அது கைவரும் வரை, 2012-இல் பிரிட்டனில் வகுத்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை போன்றவை உதவுகின்றன. மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை, சுயநினைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால், ஐந்தைத் தொட்டதும் மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டும். ஏழு என்றால் உடனடி ஆபத்து. ‘எனக்கு என்னமோ தோணுது சார்’ என்பதைவிட ‘ஸ்கோர் ஏழு சார்’ என்பது நள்ளிரவில் எளிதாகச் சொல்லக்கூடியது. ஒரே நிபந்தனை: மூச்சை எண்ணாமல் எல்லோருக்கும் ‘20’ என்று எழுதும் பழக்கம் அந்த வார்டில் இருக்கக் கூடாது.

இப்படி முறை வகுத்துச் செயல்படுவது பலன் தரும் என்பதற்கு அறுவை அரங்கில் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலைப் புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்த முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. அந்தப் பட்டியலில் ஒரு படி, அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வது. ஒருமுறை குரல் கொடுத்தவருக்கு மறுமுறை குரல் எழுப்புவது எளிதாகிறது.

பிழை குறைவாகப் பதிவாகும் வார்டு

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆய்வு மாணவி, மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கோ நேர்மாறாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்த வார்டுகளில் பிழை நடந்தால் செவிலியர்கள் பயமில்லாமல் சொன்னார்கள்; தலைமைச் செவிலியர் கடுகடுத்த வார்டுகளில் மறைத்தார்கள். 1996-இல் அவர் வெளியிட்ட இந்தக் கண்டறிதல்தான் ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்ற முழுப் பேச்சுக்கும் நடுநாயகம். ‘எங்கள் வார்டில் தவறே நடப்பதில்லை’ என்று பெருமைப்படும் வார்டில், தவறு யார் காதுக்கும் எட்டுவதில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

மயிரிழையில் தப்பியவைதான் இதில் பெரும் செல்வம். தவறான சிரிஞ்சை எடுத்து, குத்தும் முன் கவனித்து, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தார் ஒரு செவிலியர். நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. அவர் சொல்லாவிட்டால் இரண்டு சிரிஞ்சும் அதே இழுப்பறையில் கிடக்கும்; அடுத்தவர் கவனிக்கலாம், கவனிக்காமலும் போகலாம். சொன்னால் அன்றே இழுப்பறையைப் பிரித்து அடுக்கிவிடலாம். யாருக்கும் வலிக்காமல் கிடைக்கும் பாடம் இது ஒன்றுதான்.

புதியவர்தான் இதை மிக நன்றாகச் செய்யக்கூடியவர். பல ஆண்டுகள் ஒரே வார்டில் இருப்பவர்களின் கண்ணுக்குக் குறுக்குவழிகள் தெரியாமல் போய்விடும். ஆபத்து நேராத ஒவ்வொரு நாளும் ‘இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கையை வளர்க்கும். கல்லூரியிலிருந்து நேரே வந்தவருக்கு, புத்தகத்துக்கும் வார்டுக்கும் உள்ள ஒவ்வொரு வேறுபாடும் உறுத்தும். “புத்தகத்துல அப்படித்தான் இருக்கும், இங்க வேற” என்று அவரை முதல் மாதத்திலேயே அடக்கிவிட்டால், வார்டு தன் கூர்மையான கண்ணை இழக்கிறது. ஒவ்வொரு புதிய செவிலியருக்கும் பொறுப்பான மூத்த சிஸ்டர் ஒருவரை நியமித்து, வாரம் ஒருமுறை “உனக்கு இங்க எது உறுத்துது?” என்று கேட்கச் செய்வதற்குச் செலவே இல்லை.

தண்டனையின் விலை

2017-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தைத் தவறி எடுத்துக் கொடுத்தார்; 75 வயது நோயாளி இறந்தார். கணினி வழி மருந்து தரும் அலமாரியில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்ததும் முதலில் வந்ததை எடுத்ததும், எச்சரிக்கைகளைக் கடந்து சென்றதும் அவர் தவறுகள். தவறு தெரிந்தவுடன் தானே ஒப்புக்கொண்டார். 2022-இல் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. இனி யார் உண்மையைச் சொல்வார்கள் என்று அந்நாட்டுச் செவிலியர்கள் கேட்டார்கள்.

இந்தியாவிலும் அந்தக் கேள்வி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததானால் இரண்டாண்டு வரை. அங்கே ‘மருத்துவர்’ என்பதன் விளக்கம், தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களை மட்டுமே குறிக்கிறது. செவிலியர் அதில் இல்லை. மருத்துவர் எழுதியதை நிறைவேற்றும் கை, எழுதிய கையைவிடக் கடுமையான தண்டனைக்கு உள்ளாகலாம். இது திருத்தப்பட வேண்டிய சட்டம்.

பொறுப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தே குடித்துவிட்டு டூட்டிக்கு வருவதும், மருந்தைத் திருடுவதும் வேறு. களைப்பில் கை தவறுவது வேறு. முதலாவதற்குத் தண்டனை, இரண்டாவதற்குத் துணையும் அமைப்பு மாற்றமும், இடையில் உள்ள குறுக்குவழிப் பழக்கங்களுக்குப் பயிற்சி என்று பிரித்துப் பார்ப்பதே நியாயமான பண்பாடு.

நோயாளிக்கும் பங்கு உண்டு. ஊசி போட வருபவரிடம் பெயரை நீங்களே சொல்லுங்கள். என்ன மருந்து, எதற்கு என்று கேளுங்கள். ஒவ்வாமை இருந்தால் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துங்கள். கேள்வி கேட்டதற்காக நன்றி சொல்லும் செவிலியர் நல்ல பயிற்சி பெற்றவர்.

மருத்துவமனையை நடத்துபவர்கள் தங்கள் பாதுகாப்பை அளக்க விரும்பினால், மாதாமாதம் இரண்டு எண்களைக் கேட்கட்டும். பணிக்கு வந்து ஓராண்டு நிறையாத செவிலியர்களிடமிருந்து எத்தனை பிழை அறிக்கைகளும், மயிரிழையில் தப்பிய அறிக்கைகளும் வந்தன? அவற்றில் எத்தனைக்கு வார்டில் ஒரு மாற்றம் நடந்து, அதை எழுதியவருக்குத் தெரிவிக்கப்பட்டது? முதல் எண் பூஜ்யம் என்றால் பயம் ஆள்கிறது. இரண்டாம் எண் பூஜ்யம் என்றால் அலட்சியம் ஆள்கிறது. இரண்டும் வளர்ந்தால், அங்கே சேர்க்கப்படும் நோயாளி நேற்றைவிட இன்று பத்திரமாக இருக்கிறார்.